கையுறை போட்டிருந்தால் கை கழுவ வேண்டுமா?

கேள்வி – 3 ஜூன் 2024

ஒரு சிறிய கிளினிக்கில் எட்டு மாதமாக உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு முன்பு இருந்த அக்கா சொல்லிக் கொடுத்தபடி, காலையில் ஒரு ஜோடி கையுறை போட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவேன். கையுறை போட்டிருக்கும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவச் சொல்வது வீண்வேலை என்றே நினைக்கிறேன். தவறென்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

தவறுதான். கையுறை உங்களை நோயாளியிடமிருந்து காக்கிறது. முதல் நோயாளியிடமிருந்து இரண்டாம் நோயாளியைக் காப்பதில்லை. காலை முதல் மதியம் வரை ஒரே கையுறை என்றால், அது எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான ஒரு கையாகிவிடுகிறது.

இருபத்து மூன்று ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது கிளினிக் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பயிற்சி தொடங்கும் முன் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கையை மட்டும் பத்து நிமிடம் பார்ப்பேன். சென்ற மாதம் பார்த்தது இது. கையுறை போட்ட வலது கை ஒரு சர்க்கரை நோயாளியின் காலிலிருந்து சீழ் ஊறிய கட்டைப் பிரித்தது. குப்பைக் கூடையின் மூடியைத் தூக்கியது. இழுப்பறையின் கைப்பிடியை இழுத்து புதிய காஸ் துணியை எடுத்தது. கட்டுப் போட்டு முடித்தது. பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதியது. பையில் ஒலித்த செல்பேசியை எடுத்துக் காதில் வைத்தது. திரைச்சீலையை விலக்கி அடுத்தவரை உள்ளே கூப்பிட்டது. அடுத்து வந்தது காய்ச்சலோடு இருந்த இரண்டு வயதுக் குழந்தை. அதே கை அதன் நெற்றியைத் தொட்டது. அந்தக் கைக்குரிய பெண் சுறுசுறுப்பானவர், நோயாளிகளிடம் அன்பானவர், சோம்பல் என்பதே அறியாதவர். ஆனால் இழுப்பறைக் கைப்பிடியிலும் பேனாவிலும் திரைச்சீலையிலும் அந்தக் காலின் சீழ் இருந்தது.

4 ஜூன்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். கையுறையைக் கழற்றிய பிறகும் ஏன் கழுவ வேண்டும் என்பதே கேள்வியின் உண்மையான சாரம். மூன்று காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் புதுக் கையுறையிலும் இருக்கலாம், வேலை செய்யச் செய்ய அவை கூடும். உள்ளே கை வியர்த்து, அந்த வெதுவெதுப்பில் தோலில் இருக்கும் கிருமிகள் பெருகும். எல்லாவற்றையும் விட, கழற்றும்போதுதான் வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசும்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து வேளைகளைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி அல்லது கட்டு போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சீழோ பட்டிருக்கக் கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைத் தொடாவிட்டாலும் அவருடைய படுக்கையையோ பொருளையோ தொட்ட பின். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி. பலர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கட்டை விரலும் விரல் நுனிகளும் விட்டுப்போகின்றன. நோயாளியை முதலில் தொடுவது விரல் நுனிதான்.

இன்னொன்று. தோலில் புண்ணோ கசிவோ இல்லாத ஒருவருக்குத் தசையில் ஊசி போடக் கையுறை தேவையே இல்லை. கழுவிய கை போதும். ரத்தம் எடுக்கும்போதும், கட்டு மாற்றும்போதும், ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் ஊசி ஏற்றும்போதும் தேவை. ஒருவருக்கு ஒரு ஜோடி, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

5 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆல்கஹால் திரவத்தை எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று வந்தவரைத் தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். குடலைத் தாக்கும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. சில பாக்டீரியாக்களின் விதையுறைகள் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம், ஸ்போர்) அடங்கவே அடங்காது. கண்ணுக்குத் தெரிய அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தாலும் அப்படியே. கழுவிய கையை எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டில் துடைத்தால் கழுவிய பலன் போய்விடும். காலையில் மாட்டிய துண்டு மதியத்துக்குள் ஈரமாகிவிடுகிறது. காகிதத் துண்டுக்குச் செலவாகும் என்றால், சிறு கைத்துண்டுகளை நறுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றை ஒரு முறை மட்டும் பயன்படுத்தி, மாலையில் துவைத்து வெயிலில் காயப்போடலாம்.

7 ஜூன்

இதெல்லாம் வெளிநாட்டுப் புத்தகச் சட்டம், நம் கூட்டத்துக்கு ஒத்துவராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சட்டம் பிறந்த இடமும் கூட்டம் நெரிந்த ஒரு பொது மருத்துவமனைதான். ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருந்த அந்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். மாணவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் அதிகம் இறந்தார்கள். பிணவறையில் உடலை அறுத்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டு அளவுக்கு இறங்கியது. கிருமியால்தான் இந்தக் காய்ச்சல் வருகிறது என்பதை அப்போது யாரும் நிரூபித்திருக்கவில்லை. கை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் அவர் பார்த்தார்.

8 ஜூன்

ஸ்பிரிட் பஞ்சு டப்பாவைப் பற்றி எழுதாமல் இந்த இழையை மேலே கொண்டுபோக மனம் வரவில்லை. நம் ஊரில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஊசி போடும் மேசையில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். காலையில் பஞ்சை உருட்டி அதில் போட்டு ஸ்பிரிட் ஊற்றிவிடுவார்கள். நாள் முழுவதும் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மாலையில் மிச்சமிருந்தால் அதன் மேலேயே மறுநாளைக்கும் ஊற்றுவார்கள். நானும் பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஊசி வழிகாட்டுதல் பஞ்சை முன்கூட்டியே ஊறவைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது, ஏனென்றால் கையிலும் காற்றிலும் உள்ள கிருமிகள் அந்த டப்பாவில்தான் சேர்கின்றன. மூடியைத் திறக்கத் திறக்க ஸ்பிரிட் ஆவியாகி வலுவிழக்கும். ஒவ்வொரு முறையும் விரல் உள்ளே போய் வரும். ஒரு நாள் மாலை டப்பாவின் அடியில் இருந்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். இளமஞ்சளாக, பஞ்சுத் தூசு மிதக்க, மோந்தால் ஸ்பிரிட் வாடையே இல்லாமல் இருந்தது. அதைக் கொண்டு அன்று எத்தனையோ கைகளைத் துடைத்திருக்கிறேன். ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டது என்று திரும்பி வந்த நோயாளிகளிடம், வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிய நாட்களும் உண்டு. அந்தக் கட்டிகளுள் எத்தனை என் டப்பாவிலிருந்து போயின என்பதை இனி அறிய வழியில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

செய்ய வேண்டியது எளிது. காய்ந்த பஞ்சு ஒரு மூடிய டப்பாவில், ஸ்பிரிட் குறுகிய வாயுள்ள புட்டியில் தனியாக. கழுவிய கையால் ஒரு பஞ்சை எடுத்து, அப்போதைக்கு நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 30 விநாடி துடைத்து, தோல் தானாகக் காயும் வரை பொறுக்க வேண்டும். வாயால் ஊதிக் காயவைப்பது மூச்சில் உள்ளதைத் துடைத்த இடத்திலேயே திருப்பி வைப்பதாகும்.

8 ஜூன், மாலை

செலவு கூடாதா என்று உடனே கேட்டுவிட்டார்கள். அதே பஞ்சு, அதே ஸ்பிரிட். தேவைக்கு மட்டும் நனைப்பதால் ஸ்பிரிட் குறைவாகத்தான் ஆகும்.

சுத்தமான பொருட்களை எடுக்கும் நீண்ட இடுக்கியைச் (சீட்டில் ஃபோர்செப்ஸ்) சாவ்லான் ஊற்றிய சாடியில் செருகி வைப்பதும் இதே கதை. நீர்த்த கிருமிநாசினியிலேயே வளரும் பாக்டீரியாக்கள் உண்டு. பழையதன் மேல் புதியதை ஊற்றி நிரப்புவது அவற்றுக்குத் தீனி போடுவதுதான். சோப்புத் திரவப் புட்டிக்கும் இது பொருந்தும். காலியானதும் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும்.

11 ஜூன்

ஊசியை மாற்றினால் போதாதா, சிரிஞ்சையும் மாற்ற வேண்டுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி 2024லும் வருகிறது என்பதே கவலையாக இருக்கிறது. இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். ஊசியைத் தசையிலிருந்து எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பின்னோக்கிச் சிரிஞ்சின் கழுத்துக்குள் ஏறிவிடுகிறது. புது ஊசி மாட்டினாலும் அந்தக் கழுத்து பழையதுதான்.

2009இல் குஜராத்தின் மோடாசாவில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளும் ஊசிகளும் மறுபடி பயன்படுத்தப்பட்டதே காரணம் என்று விசாரணை சுட்டியது. 2019இல் பாகிஸ்தானின் ரத்தோடேரோவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று வெளிப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். காய்ச்சல், சளி என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போன பிள்ளைகள்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது வேறொன்று. மருந்தைக் கரைக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலைன் புட்டியை மாட்டி, அதன் ரப்பர் மூடியில் ஓர் ஊசியை நிரந்தரமாகக் குத்தி வைப்பது. குத்தி வைத்த ஊசி புட்டிக்குள் திறந்திருக்கும் கதவு. ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை ஒரே ஒரு முறை அதில் பொருத்தினாலும், அவருடைய ரத்தம் அன்று வருகிற எல்லோருக்கும் பங்காகிவிடும். பல முறை எடுக்கும் மருந்துக் குப்பியில் திறந்த தேதியை எழுதி, ஒவ்வொரு முறையும் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஊசி, புது சிரிஞ்சு கொண்டே எடுக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஊசிக்கும் இதே விதி; விரலில் குத்தும் பேனா போன்ற கருவியை இருவருக்குப் பொதுவாக வைக்கவே கூடாது.

அடுத்து நீங்களே. நோயாளிக்குப் போட்ட ஊசியை மூடியால் மூடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், இரவுப் பணியில், மூடி போடும்போது இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டேன். ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்று பயந்து மறுநாள் மாலை வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது பிறகு தெரிந்தது. என் தடுப்பூசித் தவணைகள் முடிந்திருக்கவில்லை. இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தடுப்பூசியும் போட்டு ஆறு மாதம் ரத்தம் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஆறு மாதம் என் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்த விரலை மடக்கி வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. சோறு ஊட்டுவதால் அந்த நோய் பரவாது என்று படித்தவள்தான் நான். பயத்துக்குப் படிப்பு தெரியாது.

12 ஜூன்

குத்திக்கொண்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டேன். பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

எதற்கு எவ்வளவு பயப்படுவது என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் நிதானப்படும். தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி-க்கு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு மட்டும் நூற்றில் 6 முதல் 30 வரை. எல்லோரும் எச்.ஐ.வி.யைக் கண்டு நடுங்குகிறோம். காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும் பி வைரஸை மறந்துவிடுகிறோம், அதற்குத் தடுப்பூசி இருந்தும்.

15 ஜூன்

இதுவரை கையைப் பற்றியே எழுதினேன். காற்றுக்குக் கை தேவையில்லை. சளிக்காய்ச்சல் உள்ளவர் தும்மும்போது தெறிக்கும் பெரிய துளிகள் பெரும்பாலும் ஓரிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றின் நுண்துகள்கள் காற்றிலேயே மிதக்கும். தட்டம்மைக் குழந்தை அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்று தொற்றும். அந்த நேரத்தில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையோ கர்ப்பிணியோ அதே பெஞ்சில் உட்காரக் கூடும்.

ஆகவே சீட்டு எழுதும் இடத்திலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, உடம்பில் தடிப்போடு காய்ச்சலா? ஆம் என்றால் ஒரு முகக்கவசம் கொடுத்து, வரிசையைத் தாண்டி முதலில் உள்ளே அனுப்புங்கள், அல்லது வாசல் திண்ணையில் உட்கார வையுங்கள். நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், அவரோடு அடைத்த அறையில் இருக்கும் உங்களுக்கு என்-95. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து வைப்பதற்கு ஈடான மலிவான கருவி வேறில்லை. ஏசி போட்டு, ஜன்னலை அடைத்து, திரையும் தொங்கவிட்ட காத்திருப்பு அறைகளைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

காசநோயைச் சொல்லும்போது நம் ஊரின் பங்கையும் சொல்ல வேண்டும். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம், வறுமையில் இருந்த நோயாளிகளைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் ஒரு பாதியும் வீட்டில் ஒரு பாதியுமாக வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது.

16 ஜூன்

நேற்றைய கடைசிப் பத்தியைப் படித்த ஒருவர், அப்படியானால் காசநோயாளிக்கு முகக்கவசமே வேண்டாமே என்கிறார். நான் சரியாக எழுதவில்லை. குடும்பத்தார் தப்பியதற்குப் பெரிய காரணம், மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்தது. நோயாளியோடு இருந்தவர்கள் தொற்றை வாங்கியதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு. கிளினிக்கில் உங்கள் முன்னால் இருமுபவர் இன்னும் மருந்து தொடங்காதவர். ஆபத்தான நாட்கள் அவைதான்.

20 ஜூன்

சிந்திய ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் எனும் குளோரின் கிருமிநாசினி) கலவைக்கு அளவு கேட்டவருக்கு நேற்று தனியாக "ஒன்றுக்கு நான்கு" என்று எழுதினேன். அது 5 சதவீதப் புட்டிக்கு மட்டுமே சரி. அவரிடம் இருப்பது 10 சதவீதம் என்று இப்போது எழுதியிருக்கிறார். புட்டியின் மேல் உள்ள எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 1 சதவீதக் கரைசலுக்கு ஒரு பங்கு ஹைப்போவோடு அத்தனை பங்கு தண்ணீர். ஐந்துக்கு நான்கு, பத்துக்கு ஒன்பது. தினமும் காலையில் புதிதாகக் கலந்து, மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் கூடாது.

தரையில் ரத்தம் சிந்தினால் நேரே மாப் போட்டு இழுக்காதீர்கள், அது ரத்தத்தை அறை முழுவதும் பூசுவதாகிவிடும். கையுறை போட்டு, பழைய துணி அல்லது காகிதம் போட்டு மூடி, அதன் மேல் கரைசலை ஊற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு அள்ளி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுவிட்டு இடத்தைக் கழுவுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் யாரும் பொறுப்பதில்லை.

29 ஜூன்

இந்தியாவின் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி கூடைகள்: ரத்தமும் சீழும் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில், ஊசி நீக்கிய சிரிஞ்சு, ட்ரிப்ஸ் குழாய், கையுறை சிவப்பில், ஊசி, பிளேடு வெள்ளைக் குத்துப்படாத டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசி சிரிஞ்சோடு ஒட்டியே இருந்தால் முழுதும் வெள்ளையில். முக்கால் பாகம் நிறைந்ததும் டப்பாவை மூடிவிடுங்கள், கையால் அமுக்கி இடம் பண்ணாதீர்கள்.

கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தால் போதாதா என்றால், போதாது: கொதிநீர் டெட்டனஸ் விதையுறையைக் கொல்லாது. புண்ணுக்குள் போகும் கருவி எதுவானாலும் முதலில் தேய்த்துக் கழுவி, பொதிந்து, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். பொதியின் மேல் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் பட்டையின் கோடு கறுத்திருந்தால் சூடு பட்டது என்றுதான் பொருள், கிருமி செத்தது என்று பொருளில்லை. ஈரமாக வெளியே வந்த பொதியைச் சுத்தமானதாக எண்ண வேண்டாம்.

14 ஜூலை

கேள்வி கேட்ட பெண் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு ஒரு ஜோடி என்று மருத்துவரிடம் கேட்டதற்கு முதலில் முகம் சுளித்தாராம். பிறகு, ஊசி போடுவதற்குக் கையுறை தேவையில்லை என்பதால் ஒரு நாளைக்கு ஆகும் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை என்று கணக்குக் காட்டியதும் ஒப்புக்கொண்டாராம். எவர்சில்வர் டப்பாவில் இப்போது காய்ந்த பஞ்சு இருக்கிறதாம். சலைன் புட்டியில் குத்தி வைத்த ஊசியைப் பற்றி மட்டும் இன்னும் பேசத் துணிவு வரவில்லை என்கிறார். இதைச் சொல்லும் பொறுப்பை உதவியாளரின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதை இந்த ஆறு வாரத்தில் நானும் உணர்ந்தேன். கையைக் கழுவுவது உங்கள் பொறுப்பு. கழுவ ஒரு குழாயும், வீச ஒரு டப்பாவும், போடத் தடுப்பூசியும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. அந்தப் புட்டிக்குப் பதிலாக 5 அல்லது 10 மில்லி ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பிகள் கிடைக்கின்றன. மருந்து வாங்கும் பட்டியலில் அதைச் சேர்த்து எழுதி நீட்டுங்கள், பேச்சைவிட அது எளிது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை ஜூன் 13, இரண்டாவது நேற்று என்று குறிப்பிட்டிருக்கிறார். மூன்றாவது டிசம்பர் 13. அது முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) அளவைப் பாருங்கள். 10 mIU/mL-க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும், அந்தச் சோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.